அல்லி அரசாணியின் காதல்: ஒரு மறுபரிசீலனை

குறையற்ற தலைவியரைப் போற்றுவதற்குத் திறனாய்வாளன் பெரிதும் முயல வேண்டியதில்லை. சீதையின் கற்பையும் கண்ணகியின் சீற்றத்தையும் எடுத்துரைப்பவனோடு வாசகர் எவரும் வழக்காட வருவதில்லை. குறையுடைய தலைவியை மதிப்பிடும்போதே திறனாய்வாளன் கையிலுள்ள அளவுகோல் எத்தகையது என்பது புலனாகின்றது. அவள் யாரை விரும்பினாள், யாரை மறுத்தாள், ஏன் பின்னர் இசைந்தாள் என்னும் வினாக்களுக்கு நாம் கூறும் விடைகள் அவளைப் பற்றிக் கூறும் அளவுக்கு எம்மைப் பற்றியும் கூறிவிடுகின்றன.

தமிழ்க் கதைப்பாடல் மரபில் அத்தகைய தலைவி அல்லி அரசாணி. அவளைப் பற்றிய தீர்ப்பைத் திறனாய்வாளர் எழுதுமுன்னரே வழக்குமொழி எழுதிவிட்டது. ஒரு வீட்டிலோ நிறுவனத்திலோ பெண்ணொருத்தி அதிகாரம் செலுத்தினால் அதனை 'அல்லி ராச்சியம்' என்றும் 'அல்லி தர்பார்' என்றும் ஏளனமாகக் கூறுவது நம்மிடையே இன்றும் உள்ள வழக்கு. ஒரு கதைமாந்தரின் பெயர் வசைச்சொல்லாக மாறுமாயின், அக்கதை எவ்வாறு வாசிக்கப்பட்டு வந்துள்ளது என்பதை ஆராய்வது திறனாய்வின் கடமையாகும். மாயமும் வீரமும் கலந்த இக்கதையில் அல்லி மேற்கொள்ளும் காதல் முடிவுகளை நோக்குவதும், அவை மஸ்கெலியா போன்ற தேயிலைத் தோட்டப் பகுதி வாசகருக்கு எப்பொருளைத் தரக்கூடியன என்பதைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கதையும் அதன் வேர்களும்

'அல்லி அரசாணி மாலை' புகழேந்திப் புலவர் பெயரால் வழங்குவது. நளவெண்பா பாடிய புகழேந்தியே இதனையும் பாடினார் என்பதை ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. மொழிநடை அதனை மிகவும் பிற்பட்டதெனக் காட்டுகின்றது. 'பவளக்கொடி மாலை', 'புலந்திரன் களவு மாலை' முதலியன இதனோடு தொடர்புடைய கதைகள். பெரிய எழுத்துப் பதிப்புகளாக அச்சேறி இவை பரவின. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) காலத்து நாடக மேடையில் இக்கதைகள் புத்துயிர் பெற்றன. 1934இல் வெளிவந்த 'பவளக்கொடி'யும் 1935இல் வெளிவந்த 'அல்லி அர்ஜுனா'வும் அவற்றைத் திரைக்குக் கொண்டுவந்தன.

கதையின் சாரம் சுருக்கமானது. மகப்பேறற்ற பாண்டியனுக்கு அல்லி மலரிலே கிடைத்த குழந்தை அல்லி. நீன்முகன் என்பவன் நாட்டைக் கவர்ந்துகொள்ள, அவனைப் போரிலே வென்று அவள் மதுரையின் அரசியாகின்றாள். அவளது ஆட்சியில் அதிகாரமும் படையும் பெண்களிடம் உள்ளன. ஆடவர் ஏவல் செய்கின்றனர். தீர்த்தயாத்திரையாக வந்த அருச்சுனன் அவள்மீது மையல் கொள்கின்றான். அவள் இசையவில்லை. கண்ணனின் மாயத்துணையால் அவன் பாம்புருக் கொண்டு அவளது பள்ளியறை புகுகின்றான். அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகின்றான். விழித்தெழுந்த அல்லி வெகுண்டு எழுகின்றாள். எனினும் இறுதியில் அவனையே கணவனாக ஏற்கின்றாள்; புலந்திரன் பிறக்கின்றான். பின்னர் மகன் விளையாடப் பவளத்தேர் கேட்க, அதனைத் தேடிச் சென்ற அருச்சுனன் பவளக்கொடியை மணந்துகொள்கின்றான். அல்லி சினம் கொள்கின்றாள்.

கதையின் வடிவங்கள் பலவெனினும் பாம்புருவும் உறக்கத்திற் கட்டிய தாலியும் மக்கள் நினைவில் அழியாது நிற்கின்றன. இவற்றின் வேர்களை மகாபாரதத்தின் ஆதிபருவத்திலே காணலாம். அங்கே அருச்சுனன் தன் யாத்திரையில் நாககன்னிகையான உலூபியையும் மணலூர் அரசன் மகளான சித்திராங்கதையையும் அடைகின்றான். வில்லிபுத்தூரார் சித்திராங்கதையைப் பாண்டியன் மகளாகவே காட்டுவர். உலூபி கதையில் நாகப்பெண்தான் அருச்சுனனை விரும்பி நீருக்குள் இழுத்துச் செல்கின்றாள். ஆசையை வெளியிடுபவள் அவளே. சித்திராங்கதை கதையில் அருச்சுனன் தந்தையிடம் முறைப்படி பெண் கேட்கின்றான். பிறக்கும் மகன் தாய்நாட்டுக்கே உரியவன் என்ற நிபந்தனையையும் ஏற்கின்றான். தமிழ்க் கதைப்பாடல் இவ்விரண்டையும் ஒன்றாக்கியது போலத் தோன்றுகின்றது. ஆனால் அவ்வாறு இணைத்தபோது நேர்ந்த மாற்றம் பெரிது. பாம்பின் வடிவு பெண்ணிடமிருந்து ஆணுக்கு மாறிற்று. உலூபியின் விருப்பமும் மறைந்தது. சித்திராங்கதையின் தந்தையோடு செய்துகொண்ட உடன்பாடும் மறைந்தது. எஞ்சியது உறங்கும் பெண்ணும் விழித்திருக்கும் ஆணுமே.

2. மலையகத்தில் அல்லி கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் தம்முடன் கதைகளையும் கொண்டுவந்தனர். மதுரை வீரன், நல்லதங்காள், தேசிங்குராசன், பவளக்கொடி, அல்லி ஆகியோரின் கதைகள் லயத்து வாசலிலே, எழுத்தறிந்த ஒருவர் ராகமிட்டு வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்கும் முறையில் வாழ்ந்தன. பழைய மஸ்கெலியா நகர் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது. அந்நகரைச் சூழ்ந்த தோட்டங்களில் இக்கதைகள் முதியோர் வாய்மொழியாக நிலைத்தன. மதுரைச் சீமையை முன்னோரின் ஊராக நினைவிற் கொண்ட மக்களுக்கு அல்லி, ஏட்டிலே வாழும் அரசியாக மட்டும் இருந்திருக்க முடியாது. சொந்த ஊர் அரசியாகவும் அவள் இருந்தாள்.

அக்கதையைக் கேட்ட பெண்களின் நிலை இங்கு நோக்கற்பாலது. காலையில் பெரட்டுக்களத்திற் பெயர் கொடுத்து மலையேறிக் கொழுந்து பறிப்போரிற் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்களது நிரையை மேற்பார்வை செய்த கங்காணி ஆண், கணக்கப்பிள்ளை ஆண், துரையும் ஆண். 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தின் பின்னரே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. அதுவரை பெண்ணுக்குக் குறைந்த சம்பளமே வழங்கப்பட்டது. பெண் உழைத்த சம்பளத்தைத் தந்தையோ கணவனோ சென்று பெற்றுவரும் வழக்கமும் நெடுங்காலம் நிலவிற்று. தொழிற்சங்க உறுப்பினரிற் பெருந்தொகையினர் பெண்களாயிருந்தும் தலைமைப் பதவிகளில் அவர்களைக் காண்பது அரிது. மீனாட்சியம்மாள் நடேசையர் தோட்டக் கூட்டங்களிலே பாடிய பாடல்களால் தொழிலாளரைத் தட்டியெழுப்பியவர். எனினும் அவரைப் போன்ற பெண்கள் மேடையில் மிகச் சிலரே.

பெண்களே அதிகாரம் செய்ய ஆடவர் ஏவல் செய்யும் மதுரை, இத்தகைய சூழலில் வெறும் அற்புதக் கற்பனையாக மட்டும் கேட்கப்பட்டிருக்க இயலாது. நடப்பு வாழ்க்கை தலைகீழாகக் கவிழ்க்கப்பட்ட ஒரு காட்சியை அது கேட்போர்முன் நிறுத்திற்று. அதே சூழலில், 'அல்லி ராச்சியம்' என்ற ஏளனச் சொல், அந்தக் காட்சியைக் கண்டு மகிழ்ந்த மனத்தை மீண்டும் அடக்குதற்குரிய கருவியாயிற்று. ஆதலின் அல்லியின் காதலை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பது ஏட்டளவில் நின்றுவிடும் பிரச்சினை அன்று.

3. இருவகைத் தீர்ப்புகள்

அல்லியைப் பற்றிய வாசிப்புகளை இருவகையாகப் பகுக்கலாம். முதலாவது மரபுவழித் தீர்ப்பு. அல்லி செருக்குடையவள், ஆடவரை வெறுத்தவள், அச்செருக்கு நோய்க்கு அருச்சுனன் கட்டிய தாலியே மருந்து என்பது அதன் சாரம். நாடக மேடையில் அல்லியின் சினம் நகைச்சுவைக்குரியதாக மாறியதற்கும், அவள் பெயர் வசையானதற்கும் இத்தீர்ப்பே காரணம்.

இரண்டாவது தீர்ப்பு அதற்கு மறுதலையாக எழுந்தது. அல்லி சுதந்திரப் பெண்ணின் சின்னம். தாய்வழிச் சமூகத்தின் நினைவு அவளில் எஞ்சியுள்ளது. அவளது வீழ்ச்சி ஆணாதிக்கத்தின் வெற்றியைக் குறிக்கின்றது என்பர் இவ்வணியினர். கிரேக்கத் தூதரான மெகஸ்தனிசு தென்னாட்டை ஆண்ட பண்டையா என்னும் அரசியைக் குறிப்பிட்டதும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு.

இரண்டு தீர்ப்புகளும் கதையின் ஒரு பாதியையே கணக்கிற் கொள்கின்றன. முதலாவது, தாலி எவ்வாறு கட்டப்பட்டது என்பதை மறக்கின்றது. இரண்டாவது, தாலி கட்டப்பட்ட பின் அல்லி செய்தவற்றை மறக்கின்றது. செருக்கின் வடிவாக அவளைக் காண்பவருக்கு அருச்சுனனின் வஞ்சம் தென்படுவதில்லை; விடுதலையின் வடிவாக அவளைக் காண்பவருக்குப் பவளக்கொடிமீது அவள் கொண்ட சினம் சங்கடமாகின்றது. குறையுள்ளவளாகவே ஒரு பெண்ணை ஏற்று, அக்குறையுடனேயே அவளுக்கு நியாயம் வழங்க இரு சாராரும் ஆயத்தமாயில்லை.

4. மாயம் யாருக்குத் துணை செய்கின்றது?

அற்புதக் கதைகளில் மாயம் வெறும் அலங்காரமாக வருவதில்லை. இயல்பான வழியில் நிகழ முடியாத ஒன்றை நிகழ்த்தவேண்டிய இடத்திலேயே கதைசொல்லி அதனைப் புகுத்துகின்றான். ஆகவே ஒரு காதற்கதையில் மாயம் எவ்விடத்தில் நுழைகின்றது, யார் வேண்டுகோளால் நுழைகின்றது என்று வினவுவது பயன்தரும்.

தடாதகைப் பிராட்டியின் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். அவளும் மதுரையை ஆண்ட பாண்டியன் மகள். படை நடத்தித் திக்குவிசயம் செய்தவள். மணாளனைக் காணும்போது மூன்றாவது தனம் மறையும் என்பது அவளுக்குரிய வாக்கு. கயிலைப் போர்க்களத்தில் சிவனைக் கண்டதும் அது மறைகின்றது; அவள் நாணித் தலைகவிழ்கின்றாள். இங்கும் மாயம் உண்டு. ஆயினும் அது நிகழும்போது தடாதகை கையில் வில்லுடன் விழித்த கண்களோடு நிற்கின்றாள். அவளது பார்வையே அந்த அற்புதத்தைத் தொடக்கி வைக்கின்றது.

தாகூர் 1892இல் எழுதிய 'சித்திராங்கதா' நாடகம் இன்னொரு நிலையைக் காட்டுகின்றது. வீரப்பெண்ணாக வளர்ந்த சித்திராங்கதை, அருச்சுனனின் மனத்தைக் கவர்வதற்காக மதனனிடம் ஓராண்டு காலத்துக்கு அழகை வரமாகப் பெறுகின்றாள். இங்கே மாயத்தை வேண்டியவள் பெண், ஏமாற்றியவளும் அவளே. எனினும் அந்த ஏமாற்று அவளையே வருத்துகின்றது. இறுதியில் தன் உண்மை உருவை வெளிப்படுத்தி, அதனையே ஏற்குமாறு அவள் கேட்கின்றாள். அவளிடமும் குறை உண்டு. ஆனால் அக்குறையை உணரவும் திருத்தவும் கவிஞர் அவளுக்கு இடமளித்தார்.

மாசி மாதத்திலே மஸ்கெலியாப் பகுதித் தோட்டங்களிலும் ஆடப்பட்டு வந்துள்ள காமன் கூத்தின் ரதியையும் இவ்வரிசையிற் சேர்க்கலாம். சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை அவள் தடுக்கின்றாள், வாதிடுகின்றாள், அவன் எரிந்தபின் புலம்பி, அவன் உயிர்பெற வேண்டுகின்றாள். அவளால் அழிவைத் தடுக்க இயலவில்லை. எனினும் தன் அன்பின் பேரில் பேசுவதற்குரிய குரல் அவளிடம் உள்ளது. பல ஊர்களில் ஆண் ஒருவரே வேடமிட்டு ஆடியபோதும், அக்குரல் பெண்ணின் குரலாகவே கேட்போரை உருக்கிற்று.

இம்மூவருக்கும் அருகே அல்லியை நிறுத்தும்போது வேறுபாடு தெளிவாகின்றது. அல்லி கதையில் மாயத்தை வேண்டியவன் அருச்சுனன், வழங்கியவன் கண்ணன், அது நிறைவேறும்போது அல்லி உறங்குகின்றாள். அவளது முடிவைக் கேட்கவேண்டிய இடத்திலேதான் மாயம் நுழைகின்றது. வேறொரு வகையில் நோக்கின், இம்மாயமே அல்லியின் வலிமைக்குக் கதைசொல்லி தந்த ஒப்புதலாகும். பாரதத்தின் ஒப்பற்ற வில்லாளனால் அவளை நேர்வழியில் வெல்லவோ, அவளது இசைவைப் பெறவோ முடியவில்லை. முடிந்திருக்குமாயின் பாம்பு தேவைப்பட்டிராது. செருக்கு அடங்கிற்று என்று கூறுவோர், அச்செருக்கு விழித்திருந்தவேளை ஒருபோதும் அடக்கப்படவில்லை என்பதைக் கவனித்தாரில்லை.

5. மூன்று முடிவுகளும் ஒரு குறையும்

அல்லியின் காதல் வாழ்வில் மூன்று முடிவுகளைக் காண்கின்றோம். முதலாவது மறுத்தல். இரண்டாவது ஏற்றல். மூன்றாவது உரிமை கோரல்.

மறுத்தலை அவளது குற்றமாகக் கொள்ள நியாயமில்லை. மணம் வேண்டாமென்பதும் ஒரு தெரிவேயாகும். ஆனால் அம்மறுப்போடு அவள் அமைத்த ஆட்சியைக் குறையற்றதெனக் கூறவும் இயலாது. ஆடவரை ஏவலராக்கிய அவளது அரசு சமத்துவ அரசன்று. பழைய ஏணியைத் தலைகீழாக நிறுத்திய அரசு. ஏணி கவிழ்ந்தாலும் மேற்படியும் கீழ்ப்படியும் மறைவதில்லை. கங்காணி இருந்த இடத்தில் கங்காணிச்சி இருந்தாற்போதும் என்று கொழுந்து பறிக்கும் பெண் கருதமாட்டாள். அவள் வேண்டுவது நிறுவையில் நேர்மையும் சம்பளத்தில் நீதியுமே.

ஏற்றலே கதையின் முடிச்சு. வெகுண்டெழுந்த அரசி ஏன் இசைந்தாள்? அவன்மீது காதல் பிறந்துவிட்டது என்பது மேலோட்டமான விளக்கம். தெய்வத்தின் திட்டம் என்பது பத்தர் கூறும் விளக்கம். அவள் அருச்சுனனுக்கு அடங்குவதற்கு முன் தாலிக்கு அடங்கினாள் என்றே நாம் கருதுகின்றோம். கழுத்திலே முடிச்சு விழுந்தபின் அது எவ்வாறு விழுந்தது என்று கேட்பதற்கில்லை என்ற சமூக நியதியை, நீன்முகனுக்கு அஞ்சாத அல்லியும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டாள். நாட்டை வஞ்சத்தாற் கவர்ந்தவனிடம் அதனைத் திரும்பப் பெற்ற அரசிக்கு, தன்னை வஞ்சத்தாற் கவர்ந்தவனிடமிருந்து தன்னைத் திரும்பப் பெறும் வழி தெரியவில்லை. அரசாட்சி பற்றி அவள் கொண்டிருந்த அறிவு அவளது சொந்த வாழ்வினுள் நுழையவில்லை. அல்லியின் உண்மையான குறை இதுவே. இக்குறை அவளுக்கு மட்டும் உரியதன்று என்பதனாலேயே அவள் எமக்கு அண்மையவளாகின்றாள்.

உரிமை கோரல் இதன் தொடர்ச்சி. பவளக்கொடியை அருச்சுனன் மணந்தானென்று கேட்டுச் சினந்தெழும் அல்லியை, பொறாமை கொண்ட மூத்தாளாகவே மேடை காட்டிற்று. பவளத்தேர் வேண்டுமென்று அடம்பிடித்த மகனுக்காகச் சென்றவன் மனைவியொருத்தியைத் தேடிக்கொண்டமை மேடையில் அவனது குற்றமாகக் கொள்ளப்படவில்லை. தாலி கட்டியதனால் நான் அவனுடையவள் என்று அடங்கியவள், அத்தாலியினாலேயே அவன் என்னுடையவன் என்று உரிமை கோருகின்றாள். தருக்கத்தில் அவள் தவறவில்லை. அந்த நியதி ஒரு பக்கமாக மட்டுமே இழுக்கும் கயிறு என்பதை அவள் அறிந்திருக்கவில்லை. தன்னைப் போன்றே அருச்சுனனின் யாத்திரை வழியில் எதிர்ப்பட்ட பவளக்கொடியிடத்துத் தன் கதையே மீண்டும் நிகழ்வதை அவள் உணர்ந்திருப்பாளாயின் அவளது சினம் வேறு திசையிற் பாய்ந்திருக்கும். அவ்வாறு உணராமை அவளது இரண்டாவது குறை.

எனினும் ஒரு செய்தியை மறந்துவிடலாகாது. தொடர்ந்து வரும் கதைகளிலும் அவள் மதுரையின் அரசியாகவே வருகின்றாள். அருச்சுனன் மனைவியரில் ஒருத்தி என்ற அடையாளத்துள் அவளது பெயர் கரைந்துவிடவில்லை. கதைக்கு அவள் பெயரே சூட்டப்பட்டது. அவளை அடக்கிய கதையும் அவளை மறக்கத் துணியவில்லை.

6. முடிவுரை

குறையுடைய தலைவியின் காதல் முடிவுகளை மதிப்பிடும்போது, 'அவள் சரியானவனைத் தெரிந்தாளா?' என்ற வினாவோடு தொடங்குதல் போதாது. 'தெரிவதற்கு அவளுக்கு இடமிருந்ததா?' என்ற வினா அதற்கு முன் எழவேண்டும். இடமிருந்தபோது அவள் செய்த பிழைகளுக்கு அவளே பொறுப்பு. ஆடவரை ஏவலராக்கியதற்கும் பவளக்கொடிமீது பாய்ந்ததற்கும் அல்லியிடம் நாம் கணக்குக் கேட்கலாம். இடம் மறுக்கப்பட்டபோது நேர்ந்தவற்றை அவளது குணக்கேடாகவோ, அவள் திருந்தியதற்குச் சான்றாகவோ எழுதுதல் நேர்மையன்று. அருச்சுனன் செய்த வஞ்சத்தை அல்லியின் காதல் என்று பெயரிட்டழைத்தமையே மரபுவழி வாசிப்பின் பெரும்பிழை.

மலையக நாட்டார் வழக்காறுகளைத் தொகுக்கும் மாணவருக்கு இதிலிருந்து ஒரு பணி எழுகின்றது. சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) முதலியோர் தோட்டப் பாடல்களைத் தொகுத்து அழியாது காத்தனர். அவ்வழியிற் செல்வோர், கதைப்பாடல்களை வாசித்தவர்களிடம் மட்டுமன்றி அவற்றைச் சூழ்ந்திருந்து கேட்ட பெண்களிடமும் சென்று, அல்லி ஏன் இசைந்தாள் என்று கேட்டெழுதுதல் வேண்டும். ஏட்டிலுள்ள அல்லி ஒருத்தி. கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து கேட்டவள் மனத்தில் உருவான அல்லி இன்னொருத்தி. அவ்விரண்டாவது அல்லியை அறிந்த முதிய தலைமுறை மஸ்கெலியா மலைகளில் இன்னும் சிலராயினும் உள்ளது. அவர்களது விடைகளைக் கேட்டறியும் வரையிலாவது, 'அல்லி ராச்சியம்' என்ற சொல்லை ஏளனமாக வழங்குவதை நாம் நிறுத்திவைக்கலாம்.